அது அடித்தது

ஸ்ட்ரோக் வந்து மீண்ட பிறகு அப்பாவின் இடது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. வலது கை சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே போக, இடது கை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரும். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புகள் பழுதாகிவிட்டன என்றார் டாக்டர். எனக்கு எட்டு வயது. டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வேறு எந்த அப்பாவுக்கும் தெரியாத வித்தை என்று தோழிகளைக் கூட்டிவந்து காட்டினேன்.

ஒரு ஜனவரிக் காலையில் ஹோம்வொர்க் நோட்டை அவரிடம் நீட்டினேன். அந்தக் கை பளாரென்று என் கன்னத்தில் அறைந்தது.

"நான் அடிக்கலை கண்ணு. அது அடிச்சுது" என்றார் அப்பா. முகம் வெளிறிப் போயிருந்தது.

"அது என்ன, பக்கத்து வீட்டுக்காரர் கையா?" என்றாள் அம்மா.

மலை மந்திர் முருகன் கோயில் விபூதி கொடுக்க வந்த மாடிவீட்டு மாமா, "ஆத்மா எதையும் செய்யறதில்லை சார். வெறும் சாட்சி" என்று சமாதானம் சொன்னார்.

"சாட்சி இருக்கட்டும், குத்தவாளி யாரு?" என்று கேட்டார் அப்பா.

"அச்சா, பஸ் போயிடும்" என்று மாமா இறங்கிவிட்டார்.

நான் விடவில்லை. "அடிச்ச கைதான் ஸாரி சொல்லணும்."

அப்பா இடது கையையே பார்த்தபடி காத்திருந்தார். அது மேஜைவிரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் வலது கையால் அதைத் தூக்கி என் தலையில் வைத்தார். "சீட்டிங்!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

இன்று காலை, கீழே ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்க, ஷூ போடாமல் நின்ற என் மகனை அறைந்துவிட்டேன். அடிக்க வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. நாம் நினைப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று எங்கோ படித்திருக்கிறேன். அதைச் சொல்லித் தப்பிக்கலாமா என்று நாளெல்லாம் யோசித்துக் களைத்துவிட்டேன். என் மூளையில் எந்தப் பழுதும் இல்லை. "ஸாரி மம்மி" என்று சொன்னதும் அவன்தான்.

அந்த ஜனவரிக்குப் பிறகு, என்னைப் படிக்க வைக்க உட்காரும்போதெல்லாம் அப்பா இடது கையை நாற்காலியோடு மஃப்ளரால் கட்டிக்கொள்வார். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வராது. என்னைத்தான் கூப்பிடுவார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கு கண்ணு."

புது வித்தை காட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் பலமெல்லாம் சேர்த்து இறுக்கினேன்.