மெஷின் கீழே, அப்பா மேலே

கடகடவென்று ஓர் ஓட்டம், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடி எங்கள் முன்னறைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து, கீழே படுத்திருக்கும் அப்பாவின் போர்வையில் விழும். மாடி வீட்டுக் கோமதி அக்கா தைக்க உட்கார்ந்துவிட்டாள் என்று அர்த்தம். ஓட்டம் நீளமாக இருந்தால் பாவாடைக்குக் கரை மடித்து அடிக்கிறாள், விட்டுவிட்டு வந்தால் ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிறாள் என்று, அவள் வீட்டுக்குள் ஒருமுறைகூடப் போகாத நாட்களிலேயே எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குப் பின்னாளில்தான் வந்தது. ஆகவே அந்த வருடத்துக்கு நினைவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. ஆனால் மாதத்தில் சந்தேகமில்லை. ஆனி பிறந்து மேல்காற்று கிளம்பியிருந்தது. சங்கரன்கோவில் முழுக்க ஆடித் தபசுத் திருவிழாப் பேச்சாக இருந்தது. ரயில் நிலையச் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், கீழே ஒன்று மாடியில் ஒன்று என்று இரண்டே வீடுகள் கொண்ட கட்டடத்தில் நாங்கள் கீழே வாடகைக்கு இருந்தோம். இரண்டு வீடும் ஒரே அச்சு: தெருவைப் பார்த்து ஒரு முன்னறை, பின்னால் புகை அடைந்த ஓர் அடுப்படி. படுப்பதற்கு எங்களுக்கு முன்னறையை விட்டால் வேறு இடமில்லை. தைப்பதற்கு வெளிச்சம் வேண்டுமென்றால் கோமதி அக்காவுக்கும் முன்னறையை விட்டால் வேறு இடமில்லை.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். கோயம்புத்தூர் இரவு வண்டி அவருடையது. ஒரு ராத்திரி போய், மறு ராத்திரி திரும்பி, விடியும்போது ஊருக்குள் நுழைவார். அன்று மாலையே மறுபடி கிளம்ப வேண்டும். இடையில் இருக்கும் அந்தப் பகல்தான் அவருக்கு இரவு. மற்ற மாதங்களில் எப்படியோ சமாளித்துக்கொண்டோம். தபசு நெருங்கினால் மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் வேலை கூடிவிடும்: கோமதி அக்காவுக்குத் துணி மலையாகக் குவியும், அப்பாவுக்கு வார ஓய்வும் தள்ளிப்போகும்.

முதலில் அம்மா ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டினாள். மேலே மெஷின் ஒரு நொடி நின்றது; பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. அம்மா கம்பைப் போட்டுவிட்டுப் படியேறினாள். நான் பின்னாலேயே போனேன்.

"எங்க வீட்டுல அவுக ராத்திரி வண்டி ஓட்டுதாக. பகல்ல கொஞ்சம் பாத்துத் தைக்கப்படாதா?"

கோமதி அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரு உறங்கணும்னா எங்க வீட்டு அடுப்பு உறங்கணுமாக்கும்? தபசுக்கு வாங்கிப் போட்ட துணி இது, டிரைவர் வீட்டம்மா. குடுக்கலேன்னா அடுத்த வருசம் எவ தருவா?"

ஆனாலும் அவள் இரக்கமில்லாதவள் அல்ல. அன்று மாலையே மெஷின் கால்களுக்கு அடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டாள். சத்தம் கொஞ்சம் மழுங்கியதே தவிர நிற்கவில்லை. அவள் கணவர் சுப்பையா மாமா விசைத்தறி ஓட்டுகிறவர். பகலெல்லாம் தறிகளுக்கு நடுவில் நின்று காது மந்தமாகிப் போனவர். அம்மா அவரிடம் முறையிட்டபோது, சந்து முழுக்கக் கேட்கும்படி, "மெஷினு சத்தம் போடுதா? எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா!" என்றார். அப்பா காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். கோவில் வெளிப் பிரகாரத்தில் துண்டை விரித்துப் படுத்தார். பந்தல்கால் நடுகிறவர்கள் எழுப்பிவிட்டார்கள். கண்ணைச் சுற்றிக் கருத்துப்போய், சோற்றைப் பிசைந்தபடியே தட்டின்முன் தலை கவிழ்ந்து உறங்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை அவர் வந்ததும் குளிக்கப் போகவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த காப்பி கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"ஏளா, கரிவலம் வாரதுக்கு முந்தி கண்ணு சொக்கிட்டு. மூடுனதே தெரியல. வண்டி மண்ணுல இறங்கிட்டு. கண்டக்டர் போட்ட சத்தத்துலதான் முழிச்சேன். பாத்தா முன்னால வைக்கோல் வண்டி. ஸ்டியரிங்க எப்படி ஒடிச்சேன்னு எனக்கே தெரியல." காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு, "வண்டி நெறைய ஆளு. எல்லாரும் என்னய நம்பி உறங்கிட்டு இருக்காக," என்றார்.

அம்மா கம்பை எடுக்கவில்லை. மேலே போய் வாசலில் நின்று, அப்பா சொன்னதை அப்படியே ஒருமுறை சொன்னாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எண்ணி நிமிர்ந்த கோமதி அக்காவின் கால் மிதிகட்டையில் அப்படியே நின்றது. மெஷினை நிறுத்திவிடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகியிருக்கும். மடியிலிருந்த துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "மெஷினு இங்கன கிடந்தாத்தான உங்களுக்குக் கீழ இடிக்கும்? உங்க வீட்டுல கொண்டுவந்து போட்டுட்டா?" என்றாள். அம்மாவுக்குப் புரியவில்லை. "அண்ணன் இங்கன வந்து உறங்கட்டும். நான் கீழ இருந்து தைக்கேன். அவுகளுக்குச் சத்தம் மேல ஏறாதுல்லா?"

அப்பா அடுத்து ஊர் திரும்பிய காலையிலேயே சுப்பையா மாமாவும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷினைக் கீழே இறக்கினார்கள். சுப்பையா மாமா தறிக்குக் கிளம்பும்போது தானே பாயை விரித்துவிட்டு, "வெக்கப்படாம உறங்குங்க, அண்ணாச்சி!" என்று தெருவுக்கே அறிவித்தார். அப்பா ஒரு தலையணையையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, வெளியூருக்குப் போகிறவர்போலத் தயங்கித் தயங்கிப் படியேறினார். அன்று சாயங்காலம் அம்மா போய் எழுப்பும்வரை அவர் புரண்டு படுக்கக்கூட இல்லை.

இப்படியாகப் பகல் முழுவதும் இரண்டு குடும்பங்களும் வீடு மாறிக்கொண்டோம். கோமதி அக்கா எங்கள் முன்னறையில் தைத்தாள். அம்மா அடுப்பு வேலை முடித்துப் பித்தான் கட்டவும் நூல்பிசிறு வெட்டவும் பழகினாள். பள்ளி விட்டு வந்ததும் நான் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து "வெட்டுத்துணி" பொறுக்குவேன். இத்தனை நாள் தலைக்கு மேலே எங்களைப் படுத்தி எடுத்த அதே சத்தம் காதருகிலேயே ஓடியது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

தெரு சும்மா இருக்குமா? அடிகுழாயடியில் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, "என்ன கோமதி, டிரைவரு உன் வீட்டுலதான் குடியிருக்காராமே?" என்று ராகம் போட்டாள்.

"ஆமா, எங்கண்ணன் எங்க வீட்டுல உறங்குதாரு. மதினி கீழ எனக்கு நூலு கோத்துத் தாரா. உனக்கும் ஒரு அண்ணன் இருந்தா கூட்டிட்டு வா, பாய் விரிச்சுத் தாரேன்," என்று சொல்லிக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள் கோமதி அக்கா. "டிரைவர் வீட்டம்மா" அன்றோடு போய், அம்மா "மதினி" ஆனாள்.

வீட்டு ஓனர் வந்ததுதான் சிக்கலாகிவிட்டது. மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த அவர் வாடகை வாங்க மட்டுமே சந்துக்குள் வருவார். எங்கள் முன்னறையில் மெஷினையும் துணிக்குவியலையும் பார்த்தார். திறந்திருந்த மாடி ஜன்னல் வழியாகக் குறட்டை கேட்டது.

"என்ன தாயி இது? மாடிக்காரி கீழ இருந்து தைக்கா, மாடியில எவனோ உறங்குதான். எந்த வீட்டு வாடகைய நான் யாருகிட்ட கேக்க? குடியிருக்கத்தான் வீடு விட்டேன், தையக்கடை வைக்கவா விட்டேன்? ரெண்டு பேரும் இந்த மாசத்தோட காலி பண்ணுங்க. மொதல்ல அவன எழுப்புதேன்!"

அவர் படியில் கால் வைக்க, கோமதி அக்கா ஓடிப்போய்ப் பாதிப் படியில் குறுக்கே நின்றுகொண்டாள். "மெதுவா, அண்ணாச்சி. எழுப்பாதீங்க. அவுக கோயம்புத்தூர் வண்டி ஓட்டுதாக. பொழுது சாஞ்சதும் போவணும்."

"கோயம்புத்தூரா? நம்ம ஊருக்கு விடியக்காலம் வார வண்டியா?"

"அதேதான்."

அவர் நிமிர்ந்து மேலே ஜன்னலைப் பார்த்தார். "எம் மக, புள்ளயளோட தபசுக்கு அதுலதான வாரா," என்றார், இம்முறை மாடிக்குக் கேட்காத குரலில். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஏறிய இரண்டு படிகளையும் ஓசைப்படாமல் இறங்கினார். வாடகையைக்கூடக் கிசுகிசுவென்றுதான் கேட்டு வாங்கினார். காலி பண்ணும் பேச்சு அதோடு போயிற்று. தபசுக்கு முந்தின நாள் காலை, அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் அப்பாவின் வண்டியில்தான் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து இறங்கினார்கள்.

தபசு முடிந்தும் மெஷின் மேலே போகவில்லை. அப்பாவுக்கு மாறுதல் வந்து நாங்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிப் போகும்வரை அது எங்கள் முன்னறையில்தான் கிடந்தது. பணி ஓய்வு பெறும்வரை அப்பா கையால் ஒரு விபத்தும் நேரவில்லை. இப்போது அவர் இல்லை, அம்மாவும் இல்லை. கோமதி அக்கா எந்த ஊரில் இருக்கிறாள் என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அந்தக் கட்டடம் இருந்த இடத்தில் கைபேசிக் கடைகள் வந்துவிட்டன.

வேலை நிமித்தமாக இதே ஊருக்குத் திரும்பி வந்து, ராஜபாளையம் சாலையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். என் தலைக்கு மேல் கொஞ்ச நாளாக ஒரு சத்தம் கேட்டது: ஏதோ உருளும், "டக்"கென்று நிற்கும், மறுபடி உருளும். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் மரியாதையாக எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. சத்தம் நிற்காததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போய் மணி அடித்தேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். "சாரி மேடம், இனி பாத்துக்கிடுதோம்," என்றாள். நானும் "பரவாயில்லைம்மா" என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளிலிருந்து சத்தம் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. அங்கே உருண்டது என்ன, அதைக் கொண்டு அவர்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள், அந்த வேலை இப்போது எப்படி நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது.