காற்றில்லாமல் ஓடிய கால்கள்

விளையாட்டு ஆசிரியர் என்றால் விசில் ஊதிச் சம்பளம் வாங்குகிறவர் என்று ஊர் நினைக்கிறது. ஊதி ஊதி எங்கள் மூச்சுப் போவது என்னைப் போல அகப்பட்ட வாத்திமாருக்குத்தான் தெரியும்.

மலைக்கு எங்கே போக?

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் வேலணைத் தீவில் நான் படிப்பித்த காலம். பழைய சஞ்சிகை ஒன்றில் வாசித்தேன்: வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் உயர்ந்த மலைகளில் பயிற்சி எடுக்கிறார்களாம். அங்கே காற்று அடர்த்தி குறைவு. நாளடைவில் கால் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகி, கிடைக்கிற கொஞ்சக் காற்றிலேயே தசை வேலை செய்யப் பழகிவிடுமாம்.

எங்கள் தீவிலோ மதகில் ஏறி நின்றால் அதுதான் மலை. ஆகவே மூச்சை வெளியே விட்டு, அடக்கிக்கொண்டு, ஒரு பனையிலிருந்து அடுத்த பனைவரை ஓடும்படி பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதிபர் வெயிலில் நின்று பார்த்தார். "மாஸ்டர், இந்தத் தீவிலை சும்மா கிடைக்கிறது காத்து ஒண்டுதான். அதையும் ஏன் நிப்பாட்டுறீர்?" என்றார்.

மறுமொழி இல்லாத பிள்ளை

மற்றப் பிள்ளைகள் ஒரு கிழமையில் கழன்றுவிட்டார்கள். தவமணி மட்டும் நின்றாள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கே கடை எரிந்து, தகப்பன் வெறுங்கையை வீசிக்கொண்டு பக்கத்துப் புங்குடுதீவுக்குத் திரும்பிய குடும்பம். மாவட்டப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தால் விளையாட்டு ஆசிரியப் பயிற்சிக்கு எடுபட வழியுண்டு. வீட்டில் ஒரு சம்பளம் வரும்.

முன்பெல்லாம் கடைசிச் சுற்றில் அவளுக்குத் தொடை கல்லாகிவிடும். இரண்டு மாதம் சாட்டிக் கடற்கரை மணலில் மூச்சடக்கி ஓடிய பிறகு அந்த இறுக்கம் வரவில்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தாய்தான் சண்டைக்கு வந்தார். "சேர், இவள் குசினி அடுப்படியிலையும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். நான் ஏசினால் மறுமொழியே வருகுதில்லை!"

வெள்ளிக்கிழமை மயக்கம்

பிறகு அவள் மயங்கி விழத் தொடங்கினாள். கொலைகாரன் ஆகிவிட்டேனோ என்று பயந்து, மூச்சடக்கி ஓடவிடுவதை நிறுத்தினேன். அப்படியும் விழுந்தாள். யோசித்துப் பார்த்தால், விழுந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை. ஏன் என்று அதட்டிக் கேட்டேன்.

"நான் வெல்லவேணும் எண்டு நயினாதீவு அம்மனுக்கு வெள்ளிக்கிழமை விரதம், சேர். பச்சைத்தண்ணியும் குடிக்கேலாது. நேர்ந்தது அம்மா, பிடிக்கிறது நான்."

போட்டி நாள்

தாயோடு மன்றாடி, விரதத்தைப் போட்டி முடியும்வரை தள்ளிவைத்தோம். அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த எனக்கு முதலிடத்தில் சந்தேகமே இல்லை. விடியவே யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினோம். கடலைக் கடக்கிற பண்ணைத் தாம்போதியில் ஆமிக்காரர் மறித்தார்கள். யாழ்ப்பாணப் பாதை பூட்டு. கெஞ்சினேன், கடிதம் காட்டினேன். பஸ்ஸைத் திருப்பச் சொன்னார்கள். அங்கால் மைதானத்தில் போட்டி நடந்து முடிந்துவிட்டதாகப் பின்னேரம் கேள்விப்பட்டோம்.

அடுத்த வருசம் பார்ப்போம் பிள்ளை என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அடுத்த வருசம் போட்டிக்கு எனக்கு வயசு கூடிப்போம், சேர்."

காற்றுக் குறைந்தாலும் களைக்காத கால்களை இரண்டே மாதத்தில் ஆக்கிவிடலாம், என் சக வாத்திமாரே. அவை ஓடுவதற்குப் பாதையைத் திறந்து வைப்பதுதான் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.