நீலப் புள்ளடிகள்

இது நடந்து இரண்டு வருடமிருக்கும். கற்பிட்டிப் பக்கம், உப்புநீர்க் களப்போரமாக உள்ள ஒரு கிராமத்தில் நான் மிட்வைஃபாக வேலை செய்கிறேன். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போவேன். கர்ப்பிணியோ இல்லையோ, எந்தப் பெண்ணைக் கண்டாலும் நான் பாடும் பல்லவி ஒன்றுதான்: மாதவிலக்கு வந்த முதல் நாளைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். பலர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

மறக்காமல் போட்டவள் ஒருத்தி. யுத்த நேரம் மன்னாரிலிருந்து பெற்றோருடன் வந்து, இங்கேயே கல்யாணம் முடித்தவள். கணவனுக்கு விபத்தில் கால் முறிந்த பிறகு, அவனுடைய தோணியைத் தானே வலித்துக்கொண்டு போய்க் களப்பில் நண்டு வலை போட்டாள். மாலையில் வலையைத் தாழ்த்திவிட்டு, விடிந்ததும் போய் எடுக்க வேண்டும். மிதவை கட்டினால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அடையாளம் எதுவும் வைக்க மாட்டாள். எந்தக் கண்டல் மரத்துக்கு நேரே, எத்தனை பாகம் தள்ளி என்பதெல்லாம் தலைக்குள்ளேதான் இருக்கும்.

அன்றைக்கு அவள் வீட்டுச் சுவரில் கலண்டரைப் பார்த்தேன். சிவப்பு வட்டங்கள் ஒழுங்காக இருந்தன. இடையிடையே நீலத்தில், பெருக்கல் குறி போலப் புள்ளடிகள். புருஷனோடு சண்டை பிடித்த நாள்களாக்கும் என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அது வலை துலைஞ்ச நாள் மிஸ். போட்ட இடம் மறந்து மறந்து போகுது. எனக்கு மூளை குழம்பிட்டுதாம், தோணியைத் தான் எடுக்கப் போறாராம் எண்டு அத்தான் சொல்றார். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அத்தான் என்றது கணவனின் அண்ணனை. தோணி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதைவிட, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

ஆறுதல் சொல்ல வாயைத் திறந்த நான், கலண்டரின் முந்திய தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து மாதம். ஒன்றிரண்டைத் தவிர எல்லாப் புள்ளடிகளும் சிவப்பு வட்டத்துக்கு முந்திய நாள்களிலேயே கூடிக் கிடந்தன. வட்டத்துக்கும் வட்டத்துக்கும் சரி நடுவில் ஒன்றுகூட இல்லை. வட்டம் எனக்காகப் போட்டது, புள்ளடி தனக்காகப் போட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவளிடம் கேட்டு, போனில் படமெடுத்துக்கொண்டு போய் எங்கள் லேடி டொக்டரிடம் காட்டினேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். இடங்களை ஞாபகம் வைக்கவென்றே மூளையில் சில நரம்புக் கலங்கள் இருக்கின்றன என்றார். மாதச் சுற்றில் பெண் ஓமோன் ஏறும்போது அந்தக் கலங்களில் நுண்ணிய முட்கள் துளிர்க்கின்றன, இறங்கும்போது உதிர்கின்றன. எலிகளில் இதைக் கண்டிருக்கிறார்கள். எலிக்கு அந்தச் சுற்று நாலைந்து நாள்தான். அதற்குள்ளேயே துளிர்த்து உதிர்ந்துவிடுமாம். கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கர்ப்பப்பை மாதாமாதம் தன்னைப் புதுப்பிப்பதைப் பற்றி எத்தனையோ வகுப்பெடுத்திருக்கிறேன். தலைக்குள்ளும் இப்படி ஒன்று நடக்கலாமென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"ஆனா ஒரு கலண்டரை வச்சு முடிவு கட்ட ஏலாது" என்றார் டொக்டர். "மனிசரில எப்படியெண்டு இன்னும் சரியாத் தெரியாது. முதல்ல அவவை வரச் சொல்லுங்க, பாப்பம். பொம்பிளையளுக்கு வழி தெரியாதெண்டு மட்டும் ஒருத்தரையும் கதைக்க விடாதீங்க. மற்ற நாளில ஒரு குறியும் இல்லாம வலை எடுக்கிறவவும் இதே ஆள்தானே?"

பரிசோதித்ததில் வேறு நோய் எதுவும் இல்லை. ஆனால் விஷயத்தை அத்தான் காதில் போட்டால், மாதாமாதம் மறக்கிறவளுக்குத் தோணி எதற்கு என்று கேட்க அவர் கையில் நானே தடி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அவளிடம் மட்டும் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்னமே, "அப்ப எனக்கு விசர் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றதும் என் தோளில் முகம் புதைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பிறகு செய்ததெல்லாம் அவளுடைய சொந்த யோசனை. வட்டம் நெருங்கும் நாள்களில் தூரம் போகாமல் இறங்குதுறைக்குக் கிட்டவே வலை போடத் தொடங்கினாள். நண்டு குறையும், ஆனால் வலை தொலையாது. தோணி இன்றுவரை அவளிடம்தான் இருக்கிறது. போன மாதம் கண்டபோது, "அத்தானும் ரெண்டு வலை துலைச்சிட்டார் மிஸ். அவருக்கு எந்தக் கலண்டர்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இருபது வருடமாகப் பெண்ணின் உடம்பைப் பற்றி எல்லாம் தெரியுமென்று நினைத்திருந்தவள் நான். இப்போது கிளினிக் மர வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது, ஒவ்வொருத்தியின் தலைக்குள்ளும் இந்த நிமிஷம் என்ன துளிர்க்கிறதோ, என்ன உதிர்கிறதோ என்று மெய் சிலிர்க்கிறது. இனிமேல்தான் இவர்களிடம் கேட்டுப் படிக்க வேண்டுமென்று தோன்றுகிறது.