வேன் அக்கா கூட வருகிறார்

“கீழ போட்டீங்களா?”

கெட்டுப்போன பொருளை வேன் அக்கா வீட்டு மேஜைமேல் வைப்பதற்குள் கேள்வி வந்துவிடும். தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலோ, நேற்று வாங்கிய போனோ, எதுவானாலும் விசாரணை ஒன்றுதான். “தண்ணி பட்டுச்சா? மூடியக் கழட்டிப் பாத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க, நான் ஒண்ணும் திட்ட மாட்டேன்.” டாக்டரிடம் மறைத்தாலும் மறைக்கலாம், வேன் அக்காவிடம் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, கெட்டில் தானாகவே கருகிவிட்டதாகச் சத்தியம் செய்தார். அக்கா அதை முகர்ந்து பார்த்தார். “தண்ணி ஊத்தாம வெச்சீங்க. இதுக்கு நான் கடைக்கு வர மாட்டேன்” என்று வந்த பையிலேயே திரும்பப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம், அக்கா எதிரே வந்தால் அந்த மனிதர் தெரு மாறிப் போனார்.

தப்பு பொருளின் மேல்தான் என்று தெரிந்துவிட்டால் கதையே வேறு. அக்கா கூட வருவார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி பள்ளி விடும்வரை வேலையில்லை. மற்ற ஓட்டுநர்கள் மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுக் குறட்டை விடுகிற நேரத்தில், இவர் ஏதாவது ஒரு கடையின் புகார் மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பார். ஏன் இந்த வம்பு என்று கேட்டால், “சும்மா உக்காந்திருக்கறதுதானே என் பொழப்பு. அங்க உக்கார்றதுக்கு இங்க உக்கார்றேன்” என்பார்.

அவர் சத்தம் போடுவதில்லை. கடைக்காரரிடம் இரண்டே பொருள் கேட்பார்: ஒரு பிளக் பாயின்ட், ஒரு நாற்காலி. “வீட்ல எப்படிக் கெட்டுப்போச்சோ, இங்கயும் அப்படியே கெடும். பாத்துட்டுப் போறேன்.” சுவரில் மாட்டிய ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டுவார்கள். அதை நிதானமாகப் படிப்பார். “இது மனசு மாறினவங்களுக்குங்க. பொருள் கெட்டவங்களுக்கு இல்ல.” சொல்லிவிட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

பேக்கரியில் வேலை செய்யும் அவர் கணவருக்கு இதெல்லாம் பெரிய தலைவலி. விடியுமுன் அடுப்பு மூட்டிவிட்டு வந்த தூக்கக் கலக்கத்தோடு கடைவரைக்கும் கூட வருவார், உள்ளே நுழைந்ததும் ஃப்ரிட்ஜ் பக்கம் ஒதுங்கிவிடுவார். மனைவியை முன்பின் பார்த்ததேயில்லை என்ற முகத்தோடு ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுவார். ஒருமுறை ஒரு விற்பனையாளர் அவரை ஏறக்குறைய ஒரு ஃப்ரிட்ஜை வாங்க வைத்தே விட்டார்.

வேன் சாவி கயிற்றில் கோத்து அக்காவின் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவார். வண்டியைக் கொஞ்சம் நிழலில் தள்ளி நிறுத்துகிறேன் என்று கணவர் கேட்டாலும் கிடைக்காது. “ஊர்ப் பிள்ளைங்க ஏறுற வண்டி” என்று சொல்லிவிட்டுத் தானே எழுந்து போவார்.

இவ்வளவு கெட்டிக்காரியின் வீட்டிலேயே ஒரு பொருள் கெட்டுக் கிடந்தது, அவருக்கே தெரியாமல்.

கணவரின் தங்கை போன வருஷம் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாடியில் தகரக்கூரை போட்ட அறை அவளுக்கு. பஸ்ஸில் ஒருவர் தன் காலை மிதித்தால், மிதித்தவர் மன்னிப்புக் கேட்குமுன் “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிடுகிற பிறவி. வந்து சில மாதத்தில் வீடியோவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. புது லேப்டாப் வாங்கினாள். அன்று அவள் சிரித்ததைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த லேப்டாப் பாடத்தின் நடுவில் பொட்டென்று அணைந்துபோகும். நெட் சரியில்லை என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லி அவள் சமாளித்திருக்கிறாள். தனியாகக் கடைக்கும் போயிருக்கிறாள். அவர்கள் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து “நல்லாத்தானே ஓடுது” என்றார்களாம். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட்டாள். இன்னொரு வகுப்பு பாதியில் நின்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக எச்சரிக்கை வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“அவங்க மரியாதையாதான் பேசினாங்க அண்ணி.”

“பேச்சு நல்லா இருந்துச்சு, சரி. பொருள்?”

மறுநாளே கிளம்பினார்கள். கடையில் டை கட்டிய மேலாளர் பதமாகத்தான் பேசினார். “கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கம்மா. நாங்க விக்கறதோட சரி.”

“பணத்த உங்க கையிலதானே குடுத்தோம்? பில்லுல உங்க கடைப் பேருதான் இருக்கு. கம்பெனிக்காரங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. அவங்கள நீங்க கேளுங்க, நாங்க உங்களக் கேக்கறோம்.”

மேலாளர் மறுக்கவில்லை. “குறை இருந்தா மாத்தித் தர்றது எங்க பொறுப்புதான். குறை தெரியலையேம்மா.”

பிளக் கிடைத்தது, நாற்காலியும் கிடைத்தது. லேப்டாப் ஓடியது. விருந்தாளி முன்னால் மட்டும் சமர்த்தாகிவிடுகிற பிள்ளை மாதிரி ஓடிக்கொண்டேயிருந்தது. கணவர் ஃப்ரிட்ஜ்களை முடித்துவிட்டு வாஷிங் மெஷின்களுக்குப் போய்விட்டார். “போயிடலாம் அண்ணி, பரவாயில்ல” என்றாள் நாத்தனார், துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி.

அந்தப் போர்த்தலை அக்கா பார்த்தார். எழுந்துவிட்டார்.

“தப்பு என்னோடதுதாங்க. இத இங்க உக்கார வெச்சதே தப்பு. இந்த ஏசியில யாருக்கும் வேர்க்கல, இதுக்கு மட்டும் எப்படி வேர்க்கும்? இவ பாடம் நடத்தறது தகரக்கூரைக்குக் கீழ. வெளிய என் வேனுக்கு வாங்க.”

“வெயில்ல வெச்சா எதுவும் கெடத்தான் செய்யும்மா.”

“நிழல்லதான் நிறுத்தியிருக்கேன். மனுஷங்க இருக்கற சூட்டுல இருக்கட்டும். ஏசி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்னு விக்கும்போது சொல்லலையே நீங்க.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாத்தனாரின் முகத்தையும் பார்த்தார். பிறகு அந்தப் புண்ணியவான் கூடவே வந்துவிட்டார். சின்னப் பிள்ளைகளின் இருக்கையில் முழங்கால் முகவாயைத் தொட ஒடுங்கி உட்கார்ந்தார்.

“தினமும் எப்படி நடத்துவியோ, அப்படியே இவருக்கு நடத்து” என்றார் அக்கா.

நாத்தனார் லேப்டாப்பை மேலாளர் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள். திரையில் ஒரு வட்டம் வரைந்தாள், அதைப் பங்கு போட்டாள். போடப் போட, வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது. தெளிவான, கொஞ்சம் விளையாட்டான டீச்சர் குரல். வேனுக்குள் எல்லோருக்கும் வேர்த்து வழிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா லேப்டாப்பை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சொல்லுங்க. நாலுல ஒரு பங்கு பெருசா, அஞ்சுல ஒரு பங்கு பெருசா?”

“நாலுல ஒண்ணு” என்றார் மேலாளர்.

“ஏன்?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது திரை இருண்டது. பழக்கத்தில் “பரவா...” என்று ஆரம்பித்த நாத்தனார் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

“கம்மி பேருக்குப் பங்கு போடறோம், அதனால” என்று மேலாளர் பதிலை முடித்தார். லேப்டாப்பின் அடியைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “எங்க ஆளுங்க அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பாக்கறாங்க. அதுவும் உள்ள வெச்சு.” நாத்தனார் பக்கம் திரும்பினார். “நீங்க அன்னிக்கு வந்தப்பவே கவனிச்சிருக்கணும். வேற புதுசு தர்றேன். இத நாங்களே கம்பெனிக்கு அனுப்பிக்கறோம்.”

உள்ளே போனதும் சீல் பிரிக்காத பெட்டி வந்தது. காரியம் முடிந்த வாடை அடித்ததால் கணவரும் மெல்ல உறவு கொண்டாட வந்து சேர்ந்தார். “இங்க ஒரு கையெழுத்து போடுங்க மேடம்” என்று விற்பனையாளர் பேனாவை நீட்டினார். இதுமாதிரி நேரங்களில் போட்டுவிட்டு வாசலுக்கு முதல் ஆளாக ஓடுகிறவள் நாத்தனார்.

அவள் பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

“ஓட்டிப் பாத்துட்டுப் போடறேங்க.”

விற்பனையாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தலையசைத்தார். விற்பனையாளர் பக்கத்திலிருந்த பிளக்கைக் காட்டினார்.

“இங்க வேண்டாம், குளிருது.” பெட்டியை இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையை அண்ணியிடம் நீட்டினாள். “வேன் சாவி குடுங்க அண்ணி.”

தனக்கு ஒருநாளும் கிடைக்காத சாவி என்பதால் கணவர் ஒரு அடி முன்னால் வந்து பார்த்தார். பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது. வேன் அக்கா கழுத்துக் கயிற்றைத் தலைவழியே கழற்றி அந்தக் கையில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.