தேத்தண்ணி சாப்பாடு இல்லை

மூன்றாவது தைராய்டு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. டி.எஸ்.ஹெச். இறங்கவே இல்லை. அது இறங்கினால்தான் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கல்யாணமாகி ஐந்து வருடம். மாத்திரையின் பவரை ஏற்கனவே இரண்டு தடவை கூட்டியாகிவிட்டது, இப்போது இன்னும் கூட்டலாம் என்றார். ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்குகிறேனே, பிறகு ஏன் இறங்கவில்லை? அது தெரியாமல் நகர்வதில்லை என்று கூடலூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பந்தலூர் பஸ் போனால் போகட்டும்.

ரத்தம் எடுக்கும் அக்கா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"ஏனுங்க, மாத்திரைய வெறும் வயித்துலதான போடறீங்க?"

"ஆமாக்கா. காலையில அஞ்சு மணிக்கே போட்டுருவேன்."

"எதுலீங்க முழுங்கறீங்க?"

"தேத்தண்ணியிலதான்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "டீ குடிச்சா அது எப்படீங்க வெறும் வயிறு?"

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் அதுதான் வெறும் வயிறு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நாங்கள். ரொட்டியோ சோறோ உள்ளே போகும்வரை சாப்பிடாதவர்கள்தான், தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அதிலும் என் வீட்டுக்காரர் எனக்கு முன்பே எழுந்து, பால் ஊற்றித் தேத்தண்ணி போட்டு, மாத்திரையையும் பிரித்துக் கையில் தருவார்.

"அது மாத்திரைய உடம்புல சரியாச் சேர உடாதுங்க. வெறுந்தண்ணியில போட்டுட்டு, ஒரு மணி நேரம் ஒண்ணுமே வேண்டாமுங்க. டெஸ்ட்டுக்கு வர்றன்னிக்கு மட்டும் ரத்தம் குடுத்துட்டு அப்புறமா மாத்திரை போடுங்க."

டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பவரைக் கூட்டாமல், ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், "அப்ப நான்தான் கெடுத்தேனா?" என்றார் வீட்டுக்காரர். அவர்மேலும் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த முகத்தைப் பார்த்ததும் கரைந்துவிட்டது.

"நாளையிலருந்து தண்ணி எடுத்து வைங்க" என்றேன்.

ஆறு வாரமும் என்னை அசைக்க யாராலும் முடியவில்லை. அந்த ஒரு மணி நேரம் தலை வலிக்கும், பக்கத்து வீட்டுத் தேத்தண்ணி மூக்கைத் துளைக்கும். "ஒரு வாய்தானே" என்று வந்தவர்களை முறைத்தே அனுப்பினேன். டெஸ்ட் அன்று மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனேன். ரத்தம் கொடுத்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. இறங்கியிருந்தது. "இனி நீங்க முயற்சி பண்ணலாம்மா" என்றார் டாக்டரம்மா. இந்த முறைதான் அழுதேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் தண்ணீரும் மாத்திரையும் தந்தார். அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

"உங்களுக்காவது தேத்தண்ணி போட்டுக்கலாமே?"

"ஆறு வாரமா நானும் ஒரு மணி நேரம் கழிச்சு உன்கூடத்தான குடிக்கிறேன்" என்றார். "நீ இப்பத்தான் பாத்தியா?"