வாசலுக்கு வந்த கசடு

அன்னூரில் வரலட்சுமி பேவர் பிளாக் பட்டறை போட்டபோது ஊரே உச்சுக் கொட்டியது. பீளமேட்டில் ஆபீஸ் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டு உருக்காலைக் கசட்டை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டினால் வேறென்ன செய்வார்கள்? இரும்பை உருக்கும்போது மேலே மிதக்கும் அந்தக் கசடு, ஆறினால் கருங்கல்லுக்குச் சளைத்ததில்லை. அதை உடைத்து, ஜல்லிக்குப் பதிலாகச் சிமெண்டில் கலந்து கல் வார்ப்பதுதான் அவள் தொழில். மலையை உடைக்க வேண்டாம், குப்பையும் குறையும். எல்லாம் சரிதான். மகாலட்சுமி வருகிற வாசலில் போய்க் கசட்டைப் பதிக்க யாருக்கு மனசு வரும்?

பக்கத்துத் தோட்டத்துப் பழனியாத்தாளுக்கு வந்தது. வாசலுக்கும் பின்னாலிருந்த டிராக்டர் கொட்டகைக்கும் முதல் ஆளாக அவள்தான் கல் வாங்கிப் போட்டாள்.

கொட்டகைக் கல் டிராக்டரையே தாங்கியது. வாசல் கல்லோ சில மாதத்தில் பூரி மாதிரி எழும்பி வெடித்தது. நம்பி வந்த ஒரே ஆளுக்கும் இப்படிச் செய்துவிட்டோமே என்று வரலட்சுமிக்கு அழுகையாக வந்தது. ஒரே கலவை, ஒரே அச்சு. வாசல் மட்டும் என்ன பாவம் செய்தது?

விடிந்ததும் போய் நின்றாள். பழனியாத்தாள் வாளியும் கையுமாக, வெடித்த கல்மேலேயே வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வரலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. இரும்பை உருக்கும்போது சேர்த்த சுண்ணாம்பு கசட்டில் நீறாமல் கிடந்து, தினமும் தண்ணீர் குடித்துப் பருத்திருக்கிறது. கொட்டகைக்கு யார் தண்ணீர் தெளிக்கிறார்கள்?

"தப்பு என்மேலதானுங்க அக்கா. கசட்டை மாசக்கணக்கா நனையப்போட்டு, சுண்ணாம்பு நீறுன பொறவுதான் கல்லு வாக்கோணும். அவசரப்பட்டுப்போட்டேன். பேத்துப்போட்டு வேற பதிச்சுத் தாரேனுங்க."

"நல்லா நனையட்டும் அம்மணி. அதுவரைக்கும் மண்ணுலயே கோலம் போட்டுக்கறேன்" என்றாள் பழனியாத்தாள்.

பட்டறையில் கசட்டுக் குவியலுக்குத் தென்னைக்குப் பாய்ச்சுகிற மாதிரி தண்ணீர் பாய்ந்தது. பிறகு வார்த்த கல் வாசலில் பதிந்தது. அதிலிருந்து வரலட்சுமி ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு காலையில் வந்துவிடுவாள். பேச்சு பழனியாத்தாளோடு, கண் கல்லோடு. ஐப்பசி மழையும் கொட்டித் தீர்த்தது. ஒரு கல்கூட அசையவில்லை.

பழனியாத்தாள் ஒருநாள் மடக்கினாள். "ஏனுங்க அம்மணி, கல்லைப் பாத்தது போதும், உள்ள வந்து காப்பி குடிங்க. துடியலூர்ல எம்பொண்ணு ஊட்டு வாசலுக்கும் இதே கல்லு வேணும். சம்பந்திகிட்டச் சொல்லிப்போட்டேன்."

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு எந்தத் தாயும் சந்தேகமான பொருளை அனுப்ப மாட்டாள். வரலட்சுமி அன்றைக்குத்தான் குனிந்து பார்க்காமல் அந்த வாசலைக் கடந்து உள்ளே போனாள்.