பட்டியலில் அவன் பெயர்

நானும் சுதனும் ஒரே நாளில்தான் அந்த விமான நிறுவனத்தில் துணை விமானிகளாகச் சேர்ந்தோம். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதில் மூத்தவருக்கே முன்னுரிமை. சுதன் என்னைவிட மூன்று நாள் மூத்தவன். ஒஸ்லோ தளத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அவனுக்குப் போனது. எனக்கு வடக்கே துரொம்சோ.

இருவர் வீடும் ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில்தான். அவன் வேலை முடிந்து வீட்டில் சோறு சாப்பிடுவான். நானோ வேலைக்குப் போகவே விமானம் பிடிக்க வேண்டும், அதுவும் பயணிகள் போக இருக்கை மிஞ்சினால்தான். எனக்கு வயிறு எரிந்தது. மாதாமாதம் பணிமூப்புப் பட்டியல் வந்ததும், எனக்கு மேலே அவன் பெயர் இன்னும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அவன் விலகினால் ஒஸ்லோ எனக்கு.

ஒரு நாள் துரொம்சோ போகும் காலை விமானம் நிரம்பிவிட்டது. போகாவிட்டால் என் வேலைக்கே ஆபத்து. ஆனாலும் அதை ஓட்டப்போகிறவர்களில் ஒருவன் சுதன் என்று தெரிந்ததும், விமானி அறையிலுள்ள மடக்கு இருக்கையைக் கேட்க மனம் வராமல் நின்றேன். அவனே வெளியே வந்தான்.

“கப்டனிட்டைக் கேட்டிட்டன். வா.”

“நான் நிக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அங்கை போற ஒவ்வொரு முறையும், சீட்டுக்குக் காத்திருக்கிற ஆக்களின்ர லிஸ்டில உன்ர பேர் இருக்கோ எண்டு பாக்கிறனான்.”

இரண்டு மணிநேரம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். நானும் பட்டியலில் உன் பெயரைத்தான் தேடுகிறவள் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.